வாசலில் நிற்பது யார்?

 

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார இரயிலில் பயணம் செய்வோருக்கு மணவூர் என்பது ஒரு நிமிடம் நின்று புறப்படும் சிறிய நிலையம். இங்கே வாழும் எங்களுக்கோ அது, சுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு ஆண்களும், அண்மைக் காலமாகப் பெண்களும், வேலைக்கு வண்டியேறி, இஷாவுக்குப் பின் வீடு திரும்பும் ஊர். பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே பல இருக்கின்றன. ஆகவே பூட்டைப் பற்றிய கவலை எங்களுக்குப் புதிதன்று. புதிதாக வந்திருப்பது, முகத்தைக் கண்டு திறக்கும் பூட்டு. கடைகளில் 'ஃபேஸ் லாக்' என்கிறார்கள். முகப்பூட்டு என்று எழுதுவது எனக்கு இலகுவாயிருக்கிறது.

ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் எதுவாயினும் அதை என்னிடம் கொண்டுவருவது எங்கள் மஹல்லாவின் வழக்கம். மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன், கல்லூரியில் கலைப் பட்டமும் பெற்றவன் என்பதால் வந்த பெருமை இது! அந்த வகையில் கடந்த ஓராண்டில் மூன்று வீட்டார், "ஹஜ்ரத், எதை வாங்கலாம்?" என்று கேட்டு வந்தனர். நான்காவதாக எங்கள் மதரஸா நிர்வாகக் கமிட்டியே கேட்டது. தனித்தனியே கூறியவற்றை இங்கே ஒருசேர எழுதுகின்றேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பூட்டை நீங்கள் அறிவீர்கள். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்ற பூட்டு அது. அதன் உள்ளே நெம்புத் தகடுகள் இருக்கின்றன. சாவியின் பற்கள் அத்தகடுகளைச் சரியான உயரத்திற்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். முகப்பூட்டிலும் நடப்பது ஏறக்குறைய இதுவே. கேமரா நம் முகத்தைப் பார்க்கிறது. கண்களுக்கிடையேயுள்ள தூரம், மூக்கின் மேடு, தாடையின் வளைவு முதலியவற்றிலிருந்து ஒரு நீண்ட எண் வரிசையை உண்டாக்கிக்கொள்கிறது. மறுமுறை நாம் நிற்கும்போது புதிய வரிசை ஒன்றை உண்டாக்கி, பழையதோடு ஒப்பிடுகிறது. இரண்டும் அப்படியே ஒத்திருக்க வேண்டியதில்லை, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு நெருங்கியிருந்தால் போதும். அந்த அளவைத் தளர்த்தினால் தம்பியின் முகத்துக்கு அண்ணன் வீடு திறந்துவிடும். இறுக்கினால் காய்ச்சலில் முகம் வாடி வந்த வீட்டுக்காரரே வெளியே நிற்க நேரும்.

(முக உருவத்தை இயந்திரத்தில் பதிவது ஆகுமா என்ற ஃபிக்ஹ் கேள்வியைச் சில பெரியவர்கள் எழுப்பினர். உருவப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது நீங்கள் அறிந்ததே. உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இக்கட்டுரை அதைப் பேசவில்லை.)

இப்பூட்டுகளில் இரண்டு வகைக் கண்கள் உண்டு. ஒன்று, சாதாரண கேமரா. அதற்கு முகமும் ஒன்றுதான், முகத்தின் படமும் ஒன்றுதான். 2019-இல் நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம் 110 கைப்பேசிகளைச் சோதித்தபோது, அவற்றுள் 42, உரிமையாளரின் புகைப்படத்தைக் காட்டியவுடனே திறந்துகொண்டன. கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை உருவிக்கொண்டு வருபவன் நம் வீட்டுக்குள் நுழையலாம் என்றால், அந்தப் பூட்டுக்குக் காசு கொடுப்பானேன்? மற்றொரு வகை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிப் புள்ளிகளை முகத்தின்மீது வீசி, மேடு பள்ளங்களை அளப்பது. 2017-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியில் கொண்டுவந்த ஏற்பாடு 30,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளை வீசுவது. தட்டையான படம் அதனிடம் செல்லாது, இருட்டிலும் வேலை செய்யும். கடைக்காரரிடம், "முகத்தின் ஆழத்தை அளக்குமா, வெறும் படம் பிடிக்குமா?" என்று கேளுங்கள். அவர் தடுமாறினால், உங்கள் புகைப்படம் ஒன்றை அக்கடையிலேயே பூட்டுக்குக் காட்டிப் பாருங்கள். அரக்கோணத்தில் என்னுடன் வந்த நண்பர் தம் வாகன ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினார். அது திறக்கவில்லை. ஆனால் தலையில் தொப்பி அணிந்தவுடன் அவருக்கும் திறக்கவில்லை!

அது சிரிப்புக்குரிய செய்தி மட்டுமன்று. இவ்வியந்திரங்கள் எல்லா முகங்களையும் ஒன்றுபோல் அறிவதில்லை. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் ஐரோப்பிய முகங்களைக் காட்டிலும் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் ஒருவரை மற்றொருவராகக் கொள்ளும் பிழையை 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாகச் செய்தன. பெண்களின் முகத்திலும், முதியோர், சிறார் முகத்திலும் பிழை கூடுதல். அடுத்த ஆண்டு கொரோனா காலத்தில் அதே நிறுவனம் முகக்கவசத்தோடு சோதித்தபோது, மென்பொருள்கள் பல 5 முதல் 50 விழுக்காடு வரை தவறின. நம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நிகாப் அணிந்து வெளியே சென்று வரும் மருமகள், கண்புரை அறுவைக்குப் பின் கறுப்புக் கண்ணாடி அணிந்த நன்னி, ஆறு மாதத்திற்கொருமுறை முகம் மாறிவிடும் பிள்ளைகள். தெருவில் நின்று நிகாபை விலக்கினால்தான் சொந்த வீட்டின் கதவு திறக்கும் என்ற நிலைக்கு ஒரு பெண்ணை ஆளாக்கும் பூட்டு, மற்றெல்லா வகையிலும் சிறந்ததாயினும், நமக்கு ஆகாது. ஆகவே முகத்தோடு இரகசிய எண், அட்டை, சாதாரண சாவி ஆகிய மூன்றும் உள்ளதையே வாங்கும்படி எல்லோரிடமும் கூறினேன்.

சாவித் துளையே இல்லாத வழவழப்பான பூட்டுகளும் விற்பனைக்கு உண்டு. பார்வைக்கு அழகு, ஆனால் நான் பரிந்துரைப்பதில்லை. வீட்டுப் பூட்டு பெரும்பாலும் உள்ளேயிருக்கும் பாட்டரியில் ஓடுவதால் மின்வெட்டு அதைப் பாதிக்காது. பாட்டரியே தீர்ந்துபோனால் வெளிப்புறத்தில் சிறிய பாட்டரி ஒன்றையோ, கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பியையோ இணைத்து உயிர்ப்பிக்க வழியிருக்க வேண்டும். இரவு பத்து மணி வண்டியில் வந்து இறங்கும் பெண்பிள்ளை வாசலில் நின்று அதைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, பையில் ஒரு சாவி இருப்பது மேல்.

இனி, முகம் எங்கே போகிறது என்ற கேள்வி. சாவி தொலைந்தால் வேறு பூட்டு வாங்கிக்கொள்கிறோம். முகம் களவுபோனால் வேறு முகத்துக்கு எங்கே போவது? சில பூட்டுகள் அந்த எண் வரிசையைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. சில, இணையத்தின் வழியே எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிவிடுகின்றன. முதல் வகைதான் என்று விளம்பரம் செய்துகொண்டே இரண்டாவதைச் செய்தவர்களும் உண்டு. 'யூஃபி' என்னும் வணிகப்பெயர் கொண்ட கேமராக்கள், எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்ற உறுதிமொழிக்கு மாறாக, முகப்படங்களை வெளியே அனுப்புவதை 2022 நவம்பரில் ஆய்வாளர் ஒருவர் வெளிப்படுத்தினார். 'ரிங்' நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர் வீட்டுக் காட்சிகளை, பெண்களின் படுக்கையறைக் காட்சிகள் உட்பட, பார்த்திருந்தனர் என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்ட, 2023-இல் அந்நிறுவனம் 58 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது. நம் மாநிலத்திலோ, காவல்துறையின் முக அடையாளத் தரவுத்தளத்துக்குள்ளேயே அந்நியர் புகுந்து, 50,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் கசிந்தன என்ற செய்தி 2024 மே மாதம் வெளிவந்தது. காவல்துறையின் பெட்டகத்துக்கே இந்நிலை என்றால், பெயர் தெரியாத ஒரு பூட்டு நிறுவனத்தின் பெட்டகத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

'நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?' என்பார் சிலர். 2021 மே மாதம், ஊரடங்குக் காலத்தில், ஐதராபாத்தின் சமூக ஆர்வலர் எஸ்.கியூ. மசூத் அவர்களைச் சாலையில் நிறுத்திய காவலர்கள் முகக்கவசத்தை விலக்கச் சொல்லினர். அவர் மறுத்தும் படம் எடுத்துக்கொண்டனர். ஏன் எடுத்தீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு அவர் தெலங்கானா உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாட்டில் அப்படிக் கேட்கும் உரிமை அவருக்குண்டு. சாலையில் மசூத் கேட்ட கேள்வியை நாம் கடையில் கேட்கத் தயங்குவது சரியன்று. வைஃபை இல்லாமலும் முகத்தை அறியும் பூட்டு இருக்கின்றது. இணையத்தோடு இணைக்காமல் அதைப் பயன்படுத்துவதே போதும் என்பது என் முடிவு.

இதுவரை கூறியவை யாவும் கடைத்தெருவின் விஷயங்கள். ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் என் மனத்தை உறுத்தியவை வேறு இரண்டு.

ஒன்று, பார்வை. பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டும் என்பதை அந்நூர் அத்தியாயத்தில் (24:27) ஓதுகின்றோம். அந்த அனுமதி எதற்காக? ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் நபிமொழியை நினைவுகூருங்கள். அண்ணலாரின் இல்லத்துக் கதவின் துவாரம் வழியே ஒருவர் எட்டிப் பார்த்தார். கையில் இரும்புச் சீப்பு ஒன்றை வைத்துத் தலையைக் கோதிக்கொண்டிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்பது ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று உணர்த்தினார்கள். பிறர் வீட்டு வாசலுக்குச் சென்றால் கதவுக்கு நேரெதிரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பது அவர்களின் வழக்கமாயிருந்தது.

இப்போது எங்கள் தெருவைப் பாருங்கள். இரு மோட்டார் சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். அத்தகைய தெருவில் ஒரு வீட்டுக் கதவில் கேமரா பொருத்தினால், அது இரவும் பகலும் எதிர்வீட்டின் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிர்வீட்டுச் சகோதரி துணி உலர்த்துவதும், அவர் வீட்டுக்கு யார் வந்து போகிறார் என்பதும் அதில் பதிவாகும். 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகர நீதிமன்றம், அண்டைவீட்டாரின் கேமராவால் அலைக்கழிந்த ஒரு பெண்மணியின் வழக்கில், அவருடைய தனிநபர் விவரங்களைக் காக்கும் சட்டம் மீறப்பட்டது என்று தீர்ப்புக் கூறியது. தொலைவிலுள்ள பேச்சையும் அக்கருவி பதிவு செய்தது மிகையானது என்றது. நம் நாட்டில் 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனி மனிதர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்குச் செய்வதைத் தன் எல்லைக்கு வெளியே விட்டிருக்கிறது. ஆனால் அண்டைவீட்டாரின் உரிமையைப் பற்றி நமக்குச் சட்டம் வந்துதானா தெரிய வேண்டும்? கையைக் காட்டினால் மட்டும் விழித்துக்கொண்டு, ஓரடி தூரத்திலுள்ள முகத்தை மட்டும் பார்த்து, மற்ற நேரத்தில் உறங்கும் வகையும் கிடைக்கிறது. நெரிசலான தெருவுக்கு அதுவே ஏற்றது. பொருத்துமுன் எதிர்வீட்டாரை அழைத்து, என்ன தெரிகிறது என்று அவர்களுக்கே காட்டிவிடுங்கள்.

மற்றொன்று இதனினும் நுட்பமானது. இதை எழுதுவதற்கு அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தைப் பெற்றிருக்கிறேன்.

கணவர் வளைகுடாவில். மனைவியும் இரு பிள்ளைகளும் மாமியாரும் இங்கே. அவர் நல்லெண்ணத்தோடு அனுப்பிவைத்த பூட்டு அது. இரவில் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று அங்கிருந்தே பார்க்கலாம் என்பது அவருக்கு ஆறுதல். ஆனால் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் யார் திறந்தார், எந்நேரம் என்ற செய்தி அவருடைய கைப்பேசிக்குப் போயிற்று. முதல் மாதம், "இப்போது எங்கே போனாய்?" என்று அன்போடு கேட்டார். இரண்டாவது மாதம், "பதினொன்றரைக்கு ஏன் கதவு திறந்தது?" என்று கேட்டார். மாமியாருக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டு, அண்டைவீட்டுப் பெண்ணை அழைக்கத் திறந்தது அது. அந்தச் சகோதரி என் மனைவியிடம் அழுதுகொண்டு கூறியதாவது: "திருடனுக்காகப் போட்ட பூட்டு, அக்கா. ஆனால் அதில் தினமும் மாட்டுவது நான்தான்."

பயணத்திலிருந்து திரும்பும் கணவன் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டுக் கதவைத் தட்டி, குடும்பத்தாரின் குறையைத் தேடுபவனாக நுழைய வேண்டாமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒட்டகத்தில் திரும்பியவருக்கே அத்தடை என்றால், ஒவ்வொரு மணி நேரமும் கைப்பேசி வழியே திடீரென நுழைபவருக்கு எவ்வளவு பொருந்தும்! சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கவும், துருவித் துருவி ஆராயாதிருக்கவும் அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:12) கட்டளையிடுவதும் நாம் அறிந்ததே. ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களுக்கிடையே எழுந்த வழக்கில், உடன் வசிப்போரின் சம்மதமின்றி வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் கண்காணிப்புக் கேமரா இயக்குவது அந்தரங்க உரிமையை மீறுவதென்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2025-இல் கூற, உச்சநீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவருடன் தொலைபேசியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசினேன். அவர் சினம் கொண்டார். "என் வீட்டுக் கதவு, ஹஜ்ரத்!" என்றார். மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி எவரிடம் இருந்ததோ அந்த உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமே அது திரும்ப ஒப்படைக்கப்பட்ட நிகழ்ச்சியை அவருக்கு எடுத்துரைத்தேன். சாவியை வைத்திருப்பவரை நம்பியே சாவி கொடுக்கப்படுகிறது. "உங்கள் தாயாரையும் பிள்ளைகளையும் எவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனீர்களோ, அவரிடம் ஒரு கதவை ஒப்படைக்கத் தயக்கமா?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்னர், "அம்மாவுக்கு அன்றிரவு என்னவாயிற்று என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்றார். அது நியாயமான கேள்வி, அதற்கு விடை கூறவேண்டியவர்கள் வீட்டிலிருந்தார்கள். நான் தொலைபேசியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

இத்தகைய பூட்டில் 'அட்மின்' என்று ஒருவர் பதிவாகிறார். யாருடைய முகத்தைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, யாருக்குச் செய்தி போவது என்பதெல்லாம் அவர் கையில். அதுவே உண்மையான சாவி. இப்போது அவ்வீட்டில் அட்மின் அந்தச் சகோதரி. ஒவ்வொரு திறப்புக்கும் போய்க்கொண்டிருந்த செய்தி நிறுத்தப்பட்டுவிட்டது. இரவு பத்து மணிக்குமேல் கதவு பூட்டாமலிருந்தால் மட்டும் இருவருக்கும் செய்தி வரும். வாங்கும்போதே இந்த அமைப்பைத் தனித்தனியே மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலிவான சிலவற்றில் முடிவதில்லை.

மதரஸாவின் கதையையும் கூறிவிடுகிறேன். பெண்பிள்ளைகளின் வகுப்பு வாசலில் முகத்தைக் கண்டு திறக்கும் கருவியும், மின்காந்தப் பூட்டும் வைக்கலாம், வருகைப் பதிவும் தானே ஆகிவிடும் என்பது கமிட்டியின் எண்ணம். பாதுகாப்பு குறித்த அவர்களின் அக்கறையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மேற்கூறிய 2023-ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது, நிறுவனங்களுக்கு வீட்டார்க்குரிய விலக்கும் இல்லை. வயதுக்கு வந்துகொண்டிருக்கும் நாற்பது பெண்பிள்ளைகளின் முகங்களை நாம் ஏன் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்து, அதற்குக் காவலும் இருக்க வேண்டும்? மேலும், கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டதை மறந்துவிட முடியுமா? பிள்ளைகள் இருக்கும் அறைக்கு, உள்ளிருந்து ஒரு தள்ளில் திறக்காத எந்தப் பூட்டும் கூடாது என்றேன். மின்காந்தப் பூட்டு மின்சாரம் நின்றால் விட்டுவிடும். ஆனால் துணைப் பாட்டரி வைத்தால் அதுவும் விடாது. வெளியேறும் பொத்தான் பழுதானால் என்ன செய்வது?

இரு கூட்டங்களில் இது பேசப்பட்டது. ஒருவர், "காலத்தோடு போகத் தெரியாதவர்கள் என்று நம்மைச் சொல்வார்கள்" என்றார். முத்தவல்லி அவர்கள், வாசலில் இப்போது அமர்ந்திருக்கும் மூதாட்டியின் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். கேட்டதும் கூட்டம் சிறிது அமைதியாயிற்று. அந்த அம்மையாருக்கு நாற்பது பிள்ளைகளின் முகமும் தெரியும். அழைத்துச் செல்ல வரும் தாய், சாச்சி, மாமா யார் என்பதும் தெரியும். அவர் சம்பளத்தை உயர்த்துவதென்றும், வெளிவாசலில் பேசும் வசதியுள்ள அழைப்பு மணி ஒன்று வைப்பதென்றும் முடிவாயிற்று.

மணி வைத்த அன்று பிள்ளைகளுக்கு ஜாபிர் (ரலி) அவர்களின் மற்றோர் அறிவிப்பைப் பாடமாக நடத்தினேன். அவர் சென்று நபிகளாரின் கதவைத் தட்ட, யார் என்று உள்ளிருந்து கேட்டார்கள். 'நான்' என்றார். அந்த விடையை நபிகளார் (ஸல்) விரும்பவில்லை. 'நான்' என்று சொல்லாதீர்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கூறினேன். மறுநாள் காலை மணி அடித்தது. யாரென்று மூதாட்டி கேட்க, தன் பெயர், தந்தை பெயர், தெருவின் பெயர், என்ன ஓதுகிறாள் என்பது வரை ஒரு சிறுமி ஒலிப்பெருக்கியில் சொல்லி முடித்தாள். கமிட்டியில் கருவிக்கென ஒதுக்கிய தொகையில் மணிக்குப் போக மீதமிருந்ததைக் கொண்டு, பின்புறக் கதவுக்கு உள்ளிருந்து தள்ளித் திறக்கும் தாழ்ப்பாள் பொருத்தியிருக்கிறோம்.